சிமெண்ட் கல்லுக்கு எந்த நார்: தென்னையா, வாழையா, கரும்புச் சக்கையா, இல்லை நாரே வேண்டாமா?

பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலை வட்டாரத்தில் ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு நார்க் கழிவு தேடிப்போக வேண்டிய பொருளே இல்லை. ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மட்டை மில், மில்லுக்குப் பின்னால் குவியல். அதை அள்ளி வந்து சிமெண்ட் கலவையில் போட்டால் கல் பலமாகுமா, ஆகுமென்றால் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்காதவர் குறைவு. தேனிப் பக்கம் இதே கேள்வியை வாழை நாரை வைத்துக் கேட்கிறார்கள், கரூர், ஈரோட்டுப் பக்கம் கரும்புச் சக்கையை வைத்து. இவற்றையும், கடையில் பாக்கெட்டில் விற்கும் பிளாஸ்டிக் நாரையும், நாரே போடாமல் கல்லை ஒழுங்காகப் போடும் வழியையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் ஏற்றி இறக்கும்போது உடைகிறது, ஓரம் உதிர்கிறது, மூலை போகிறது என்பது உங்கள் பிரச்சினை என்றால் தென்னை நார் போடுங்கள், அதுவும் கொஞ்சமாகப் போடுங்கள். கல் பாரம் தாங்கவில்லை, லேபில் டெஸ்ட்டுக்குக் கொடுத்தால் நம்பர் வரவில்லை என்பது பிரச்சினை என்றால் எந்த நாரும் அதைத் தீர்க்காது, அந்தக் காசை வேறு இடத்தில் போட வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பமே வருகிறது. கல்லை மேலிருந்து அமுக்கும்போது தாங்குவது ஜல்லியும் சிமெண்டும், நாருக்கு அங்கே வேலை இல்லை. கல் வளையும்போது, தட்டுப்படும்போது, காயும்போது சுருங்கி விரிசல் விட ஆரம்பிக்கும்போதுதான் நார் வேலைக்கு வருகிறது. விரிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, அது சட்டென்று ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் காலத்து மண்சுவரில் சேற்றோடு வைக்கோலைப் போட்டு மிதித்ததும் இதற்காகத்தான், சுவர் காயும்போது வெடிக்கக் கூடாது என்பதற்காக. நாரை அதிகமாகப் போட்டால் அமுக்கத்தில் தாங்கும் பலம் கூடுவதற்குப் பதில் குறைகிறது, ஏனென்றால் நாரைச் சுற்றிக் காற்று இடைவெளி விழுகிறது, கல்லின் அடர்த்தி இறங்குகிறது.

அந்தப் பலம் நமக்கு உண்மையில் எவ்வளவு தேவைப்படுகிறது என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியில்லாத சாலிட் பிளாக்குக்கு ஐ.எஸ். 2185 என்ற இந்தியத் தரம் கேட்பது ஒரு சதுர மி.மீ.க்குச் சராசரியாக 4 அல்லது 5 நியூட்டன். 400 மி.மீ. நீளம், 150 மி.மீ. அகலம் உள்ள 6 இன்ச் கல்லுக்கு 4 நியூட்டன் என்றாலே ஒரு கல் 24 டன் தாங்க வேண்டும். 10 அடி உயரச் சுவரின் அடிக்கல்லில் சுவரின் சொந்த எடையால் வரும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.07 நியூட்டன்கூட இல்லை. பில்லர், பீம் போட்டுக் கட்டும் வீடுகளில் சுவர் தாங்குவது பெரும்பாலும் தன் எடையை மட்டும்தான். ஆக, ஒழுங்காகப் போட்ட கல்லுக்கு அமுக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. அது உடைவது லாரியிலும், இறக்கும் இடத்திலும், எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும்போதும்தான். நாரை எடைபோட வேண்டிய தராசு இதுதான் என்பது என் கட்சி.

நாரே போடாத வழி

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு இதிலேயே விஷயம் முடிந்துவிடும். கல் பலமில்லாமல் போவதற்கு நான் பார்க்கும் காரணங்கள் பழையவைதான். கிரஷர் டஸ்ட்டில் (ஜல்லி உடைக்கும்போது விழும் தூள்) பவுடர் அதிகம், ஜல்லி ஒரே சைஸ், மெஷினில் வைப்ரேஷன் போதவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் விடுவதில்லை. கல்லைக் குறைந்தது 14 நாள் ஈரத்தில் வைத்திருக்கச் சொல்கிறது தரக் குறிப்பு. ஆனால் இரண்டு மூன்று நாள் ஹோஸ் பைப்பில் அடித்துவிட்டு, இடம் வேண்டும் என்று பத்தாம் நாளே லோடு ஏற்றும் கம்பெனிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கல்லில் எந்த நாரைப் போட்டாலும் அது பச்சைக் கல்தான். சுவரில் ஏறிய பிறகு அது மிச்சமிருக்கும் சுருக்கத்தைச் சுருங்கும், பூச்சு மேல் கோடு கோடாக விரிசல் வரும், வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார். சணல் சாக்கைப் போர்த்தி ஈரம் காப்பதற்கு ஆகும் செலவு எந்த நாரைவிடவும் குறைவு. அதைச் செய்துவிட்டு அப்புறம் நாருக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நார் ஆய்வுகளில் பெரும்பாலானவை தண்ணியாகக் கலந்து அச்சில் ஊற்றும் கான்கிரீட்டை வைத்துச் செய்தவை. உதாரணத்துக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து 2012ல் வந்த தென்னை நார்க் கான்கிரீட் ஆய்வில் 5 செ.மீ. நீள நாரை சிமெண்ட் எடையில் 5 சதவீதம் போட்டதுதான் நல்ல பலன் தந்தது. அதைப் படித்துவிட்டு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு இரண்டரைக் கிலோ நாரை உங்கள் பேன் மிக்ஸரில் கொட்டினால் அன்றைக்குக் கல் எடுக்க முடியாது. நம் கலவை கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டுமே ஈரம் உள்ளது. அதில் நீள நார் சுருண்டு பந்து பந்தாகிவிடும். அதோடு முடிவதில்லை: மெஷின் அமுக்கும்போது அமுங்கிய நார், அச்சைத் தூக்கியதும் திரும்ப நிமிரப் பார்க்கும். கல் லேசாக உப்பும், ஓரம் கிழியும், மேல்பரப்பு பிசிறடிக்கும். ஹாலோ பிளாக்கில் குழிகளுக்கு நடுவே இருக்கும் சுவரே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம்தான், அதற்குள் 5 செ.மீ. நார் எப்படித் திரும்பும்? ஆகவே கல்லுக்கான நார் 2 செ.மீ. அளவில் இருப்பதுதான் சரி, இன்னும் குட்டையானாலும் பாதகமில்லை.

தென்னை நார்

ஒரு தென்னை நாரை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். 10 செ.மீ. நார் ஒன்றரை செ.மீ.க்கு மேல் நீண்ட பிறகுதான் அறும். வாழை நாரையோ ரயில் கற்றாழை நாரையோ அப்படி இழுத்தால் நீள்வதே தெரியாது, பிடித்துப் பிடித்து நின்று சட்டென்று போகும். புத்தகக் கணக்கில் தென்னை நார்தான் பலவீனமானது: ஒரு சதுர மி.மீ.க்கு 100 முதல் 200 நியூட்டன் அளவில்தான் தாங்கும், வாழை நார் 500ஐத் தாண்டும். ஆனால் அறுவதற்கு முன் தென்னை நார் 15 முதல் 40 சதவீதம் வரை நீள்கிறது, மற்றவை 2, 3 சதவீதத்தில் நின்றுவிடுகின்றன. கல் கீழே விழும்போது வரும் அடியை உள்வாங்குவதற்கு இந்த நீட்சிதான் வேண்டும். புதுச்சேரி பொறியியல் கல்லூரியில் ராமகிருஷ்ணா, சுந்தரராஜன் இருவரும் 2005ல் வெளியிட்ட ஆய்வில் தென்னை நார், கற்றாழை நார், சணல் உள்ளிட்ட நான்கு நார்களைச் சிமெண்ட் சாந்துப் பலகையில் போட்டு இடித்துப் பார்த்தார்கள். அதிக இடி தாங்கியது தென்னை நார் போட்ட பலகை. நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான்.

இரண்டாவது காரணம் லிக்னின். நாரை விறைப்பாகவும் பழுப்பாகவும் வைத்திருக்கும் பொருள் அது. தென்னை நாரில் 40 சதவீதத்துக்கு மேல், வாழை நாரிலும் கற்றாழை நாரிலும் பத்து சதவீத அளவில். எளிதில் கரையும் ஹெமிசெல்லுலோஸ் தென்னை நாரில் மிகவும் சொற்பம். சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் கடுமையான காரம், அந்தச் சூழலில் கொஞ்சமாவது தாக்குப்பிடிப்பது தென்னை நார்தான்.

மூன்றாவது, நார் கையில் கிடைக்கும் நிலை. நீளமான நல்ல நார் கயிற்றுக்கும் மெத்தைக்கும் சீனா ஏற்றுமதிக்கும் போகிறது, அதன் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வாங்கிக் கல்லில் போடுவது நியாயமே இல்லை. மட்டையிலிருந்து நாரோடு உதிரும் நார்த்தூளைச் சலிக்கும்போது மேலே தங்கும் குட்டை நார் இருக்கிறதே, மில்காரர்கள் பேபி ஃபைபர், பிட் ஃபைபர் என்று சொல்வது, அதுதான் நமக்கு வேண்டியது. வெட்டும் வேலைகூடப் பெரும்பாலும் இல்லை. நீளமாகக் கலந்து வந்தால் மாட்டுக்குத் தட்டு வெட்டும் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இது முக்கியமானது. நார் வேறு, நார்த்தூள் வேறு. மில்லில் 'எல்லாம் சேர்த்தே அள்ளிக்கோங்க' என்பார்கள். தூளுக்கு இழுத்துப் பிடிக்கும் பலம் கிடையாது, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் இறுகத் தேவையான ஈரத்தை உறிஞ்சிவிடும், கல் மழையில் ஊறும். கல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்று அதே ஐ.எஸ். தரம் சொல்கிறது, தூள் கலந்த கல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தூளை வாங்கிக்கொள்ள நர்சரிகளும் மாடித்தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள், அது அங்கே போகட்டும். நாரை நன்றாக உதறி, சலித்து, தூள் இல்லாமல் எடுங்கள்.

தென்னை நாரின் குறை அதன் சாயத் தண்ணீர். நனைத்தவுடன் டீ டிக்காஷன் மாதிரி இறங்கும் அந்தப் பழுப்பு சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஒரு ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும், சுடுதண்ணீர் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆய்வுக் கட்டுரைகளில் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து நாரின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கச் சொல்வார்கள், பிடிப்பு கூடுவது உண்மைதான். ஆனால் கம்பெனியில் வேலை செய்பவர்கள் கையுறை இல்லாமல் அந்தத் தண்ணீரில் கை விடுவார்கள், மிச்சத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் போகும். இத்தனை சின்ன லாபத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

வாழை நார்

வாழை நார் மேல் எனக்கு மரியாதை உண்டு. பூக்கட்டுகிற நாரிலிருந்து துணி வரைக்கும் போகிற பொருள் அது, திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நார் பிரிக்கும் மெஷினும் வந்துவிட்டது. தார் வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்த்துப்போடும் மரம் நிஜமாகவே கழிவுதான், அதை அப்புறப்படுத்த விவசாயி கையிலிருந்து கூலி கொடுக்கிறார். ஆனால் அந்த மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பிரித்துக் காயவைத்து எடுக்கும் நார் மர எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தால் பெரிது. அத்தனை வேலை செய்து கையில் வந்த பிறகு அது கழிவே இல்லை, கைவினைக்காரர்களும் நெசவுக்காரர்களும் நல்ல விலை கொடுக்கும் சரக்கு. அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சிமெண்டில் போடுவதற்கு மனசு வரவில்லை, கணக்கும் வரவில்லை.

பலம் என்று பார்த்தால் இழுவையில் வாழை நார்தான் முந்தும். நனைந்ததும் இழை இழையாக ஒட்டிக்கொண்டு உருளும், அதனால் கலப்பது கஷ்டம். லிக்னின் குறைவு என்பதால் காரத்திலும் சீக்கிரம் நைந்து போகும். வீட்டிலேயே பார்க்கலாம்: வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் ஒரு பாட்டிலில் வாழை நாரும் இன்னொன்றில் தென்னை நாரும் போட்டு மூடி வையுங்கள், சில வாரம் கழித்து எடுத்துக் காயவைத்து இழுத்துப் பாருங்கள். சிமெண்டுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

கரும்புச் சக்கை

இதைச் சக்கையாகப் போடாதீர்கள். எத்தனை பிழிந்தாலும் அதில் சர்க்கரை மிச்சம் இருக்கும், சிமெண்டுக்குச் சர்க்கரை விஷம். சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம், அதாவது ஒரு மூட்டைக்கு 25 கிராம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும், இன்னும் சில மடங்கு கூடினால் இறுகவே இறுகாது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சேர்த்துக் கட்டிய ஊர் நம் ஊர், அதனால் 'சக்கையில் இனிப்பு இருந்தால் நல்லதுதானே' என்று பெரியவர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெல்ல இறுகும் பொருள், சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுக வேண்டிய பொருள். அங்கே உதவியது இங்கே கெடுக்கும். தவிர சக்கையும் யாரும் வீசிவிட்டுப் போகும் பொருளாக இல்லை. வெல்லம் காய்ச்சுபவர்களுக்கு அடுப்பு எரிப்பதே அதுதான், சர்க்கரை ஆலைகளுக்கு பாய்லர், புகளூர் டி.என்.பி.எல்.லுக்குக் காகிதம்.

அதே சக்கை எரிந்து சாம்பலாக வந்தால் கதை வேறு. ஆலை பாய்லரிலிருந்து வரும் சாம்பலைச் சலித்து, எரியாத கரி நாரை நீக்கி, சிமெண்ட் அளவுக்கு நைசாக அரைத்தால் சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகவே போடலாம், சென்னை ஐ.ஐ.டி.யில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். சலிக்காமல், அரைக்காமல் அப்படியே கொட்டினால் அது கறுப்பு மண் மட்டும்தான். அரவைக்கு வசதி இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரயில் கற்றாழை நார் பலமானது, ஆனால் தொடர்ந்து ஒரே தரத்தில் லோடு கணக்கில் கிடைக்காது. பனை நார் தூத்துக்குடிப் பக்கம் பிரஷ்ஷுக்குப் போகிறது, வெட்டி மிஞ்சும் துண்டுகள் தடிமனாகவும் விறைப்பாகவும் இருப்பதால் அச்சிலிருந்து எடுத்ததும் கல்லை உப்பவைக்கும். வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும்.

பாக்கெட்டில் வரும் பிளாஸ்டிக் நாரை நேர்மையாக ஒப்பிட வேண்டும். ஒரே நீளம், ஒரே தடிமன், தண்ணீர் குடிக்காது, காரத்தில் கரையாது, மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது. அலசல், காயவைத்தல், சலித்தல் எதுவும் கிடையாது. சென்னை, திருவள்ளூர்ப் பக்கம் கம்பெனி வைத்துக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து தென்னை நாரை லாரியில் கொண்டுவர நினைப்பவருக்கு, இதுவே லாபம் என்று தயங்காமல் சொல்வேன். லேசான பொருளை வெகுதூரம் ஏற்றுவது காற்றுக்கு வாடகை கொடுப்பதுதான். ஆனால் நார் மில் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. நாளைக்கு அந்தக் கல்லை இடித்துப் போடும்போது மண்ணில் கலக்கும் பிளாஸ்டிக்கை யார் பொறுக்குவது என்ற கவலையும் எனக்கு உண்டு.

நார் எத்தனை நாளைக்கு?

இந்தக் கேள்வியை விற்பவர்கள் யாரும் எடுப்பதில்லை, முடிவெடுக்க வேண்டியதோ இதை வைத்துத்தான். 2000ல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வு இருக்கிறது. தென்னை நாரையும் கற்றாழை நாரையும் காரக் கரைசல்களில் போட்டு வைத்தார்கள். காஸ்டிக் சோடாக் கரைசலில் 420 நாள் கிடந்த பிறகும் கற்றாழை நார் 73 சதவீதம், தென்னை நார் 61 சதவீதம் பலத்தை வைத்திருந்தன. சுண்ணாம்புக் கரைசலில் கிடந்தவையோ, பி.எச். 12 என்ற கடும் கார அளவில், 300 நாளில் இரண்டுமே பலத்தை முழுவதுமாக இழந்துவிட்டன. புதுச்சேரி ஆய்வு நான்கில் தென்னை நாரே மேல் என்றது, அதுவும் சரிதான், ஆனால் மேல் என்பதற்கு நிரந்தரம் என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு நாரின் நுண்துளைகளுக்குள் போய்ப் படிகிறது, நார் கல்லாகி நொறுங்குகிறது. ஸ்வீடனில் கிராம் என்பவர் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டின் காரத்தில் நார் சிதைவதை ஆராய்ந்து, சிமெண்டில் ஒரு பகுதியை நைசான சிலிக்கா தூளாக மாற்றினால் இந்தச் சிதைவு குறைகிறது என்றும் காட்டினார்.

அதனால் இரண்டு முடிவுக்கு வருகிறேன். முதலாவது, சிமெண்டில் மிஞ்சும் சுண்ணாம்பைச் சாப்பிட ஏதாவது ஒன்று கூடவே இருக்க வேண்டும். நமக்குச் சுலபமானது நிலக்கரிச் சாம்பல், மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் வருவது. தனியாக வாங்கிக் கலக்கச் சிரமம் என்றால் பி.பி.சி. சிமெண்ட் மூட்டையிலேயே அது கலந்துதான் வருகிறது, சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டான ஓ.பி.சி.யை விட்டு அதற்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது. சாம்பல் சேர்ந்த கல் ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், எனவே 14 நாள் தண்ணீர் என்பதில் ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது முடிவு பலருக்குப் பிடிக்காது: நாரின் வேலை முதல் வருஷத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இது தோல்வி இல்லை. ஒரு கல் உடையும் வாய்ப்பு அதிகமாக இருப்பது அச்சிலிருந்து வெளியே வந்த நேரத்திலிருந்து சுவரில் ஏறிப் பூச்சு வாங்கும் வரைக்கும்தான். சுருக்க விரிசல் வரும் காலமும் அதுதான். அந்தச் சில மாதம் நார் பிடித்துக்கொடுத்தால் அது தன் கூலிக்கு உழைத்துவிட்டது, அப்புறம் உள்ளுக்குள் நைந்து போனாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நார் இல்லாமலேயே அந்தக் கல் ஐ.எஸ். தரத்தைத் தாண்ட வேண்டும். 'நார்தான் இருக்கிறதே' என்று சிமெண்டைக் குறைப்பவர் அடுத்தவர் வீட்டை வைத்து விளையாடுகிறார்.

எவ்வளவு, எப்படி, எங்கே

மூட்டைக்குக் கால் கிலோவில் தொடங்குங்கள், அரை கிலோவில் நிறுத்துங்கள். பார்க்கச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் கால் மி.மீ. தடிமன், 2 செ.மீ. நீளம் என்று வைத்தால் அரை கிலோவில் நாலு லட்சத்துக்கு மேல் துண்டுகள் இருக்கின்றன, மூட்டைக்கு 30 கல் எடுத்தால் கல்லுக்கு ஏறக்குறைய 15,000. அதற்கு மேல் போட்டால் நாருக்கு நார்தான் ஒட்டும், சிமெண்ட் உள்ளே போக இடம் இருக்காது.

அலசிய நாரை முழுக்கக் காயவிடாமல், பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அது கலவையின் தண்ணீரைத் திருடாது. முதலில் ஜல்லியும் டஸ்ட்டும் மிக்ஸரில் சுற்றும்போதே நாரைக் கையால் உதிர்த்துத் தூவ வேண்டும், சிமெண்ட் அதற்குப் பிறகு, தண்ணீர் கடைசியில். ஜல்லி உருளும்போதுதான் நார் பிரியும். தண்ணீர் விட்ட பிறகு நாரைப் போட்டால் உருண்டைதான் கிடைக்கும். கலவையை எடுத்து உடைத்துப் பாருங்கள், நார் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் சரி, கொத்தாக இருந்தால் அந்த பேட்ச்சைத் திரும்பச் சுற்றுங்கள்.

உள் தடுப்புச் சுவர், மாடிச் சுவர், இரண்டு பக்கமும் பூசிய வெளிச்சுவர், இவற்றுக்கு நார்க் கல் தாராளமாகப் போகலாம். பேஸ்மட்டத்துக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கீழ்வரிசை, பூசாமல் விடும் காம்பவுண்ட் சுவர் என்று நனைந்து நனைந்து காயும் இடங்களுக்கு வேண்டாம், அங்கேதான் நார் சீக்கிரம் நையும். பில்லர் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடு என்றால் நாரைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், என்ஜினீயர் சொன்ன பலத்துக்கு வெறும் கல்லைப் போடுங்கள்.

மொத்தமாக மாறுவதற்கு முன் ஒரே நாளில், ஒரே கலவையில், நார் போட்டும் போடாமலும் இரண்டு அடுக்கு எடுங்கள். 28 நாள் கழித்து இரண்டிலிருந்தும் எட்டெட்டுக் கல் அமுக்கச் சோதனைக்கும் மூன்று மூன்று கல் தண்ணீர் உறிஞ்சும் சோதனைக்கும் லேபுக்குப் போகட்டும். நார்க் கல்லின் நம்பர் கொஞ்சம் இறங்கி வந்தால் பதற வேண்டாம், தரத்துக்கு மேலே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை வழக்கமான லாரியில், வழக்கமான ஆட்களை வைத்து, எதுவும் சொல்லாமல் ஏற்றி இறக்கச் சொல்லி, இரண்டு அடுக்கிலும் உடைந்ததைத் தனித்தனியாக எண்ணுங்கள். அந்த வித்தியாசம் நாரை அலச, சலிக்க ஆகும் கூலியைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் கம்பெனிக்கு நார் தேவையில்லை. அதிகமாக இருந்தால் மில்காரரிடம் குட்டை நாருக்கு மாதக் கணக்கில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், விற்கும் கல்லின் பில்லில் 'தென்னை நார் கலந்தது, ஈரம் படும் இடத்துக்கு அல்ல' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.